வெளியே ஒரு கை

அர்த்தநாரி இறந்த பிறகும் அவருடைய நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவரைக் கிடத்தியிருந்த மேடைக்குப் பக்கத்தில் அவர் மனைவி ரேணுகாதேவி நின்றிருந்தாள். குனிந்து காது கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. அடுத்த தோட்டத்தில் மோட்டார் ஓடுவது போல, அடங்கிய குரலில், விடாமல் ஒரு சத்தம். மனுஷர் போய்விட்டார். மோட்டாருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அதை இயக்க அவர் இடுப்பில் கட்டியிருந்த பெட்டி வேறு நடுநடுவே வாயைத் திறந்தது. "மாற்றுப் பம்ப் தயாராக உள்ளது." வழுவழுவென்று ஒரு பெண் குரல். வானொலியில் செய்தி வாசித்தே பாதி ஆயுளைக் கழித்தவள் ரேணுகா. அந்தக் குரலுக்கு ளகரம் வராது என்பது அந்த நிலையிலும் அவள் காதில் உறுத்தியது. காலையில் அவர் சோபாவில் சரிந்தபோதும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. எதற்குத் தயார், இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல அதற்குத் தெரியாது.

அதைச் செய்த கம்பெனியின் அவசர எண்ணில் பேசியவள் இன்னும் ஒரு படி மேல். "உங்கள் சாதனம் பச்சையில் உள்ளது மேடம், கவலைப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, உரையாடல் திருப்தியாக இருந்ததா என்று மதிப்பெண் கேட்டாள்.

அர்த்தநாரியின் குடும்பத்தில் இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் உண்டு. அவருக்கு வந்தது. அவருக்கு முன்பே, சின்ன வயதிலேயே, தங்கை சுகந்திக்கு வந்தது. இரண்டு பேர் நெஞ்சிலும் ஒரே மாதிரி பம்ப். காந்திபுரத்தில் பம்ப்செட் கடை வைத்திருந்தவர் அர்த்தநாரி. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கோயமுத்தூர்ல மோட்டார் மாட்டாத எடம் நெஞ்சு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. அதையும் மாட்டிப் போட்டானுங்க." நர்ஸ்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் போய், தையல் வலித்து, முகத்தைச் சுளித்தார். ரேணுகாவுக்கு அவர் முகம் என்றால் இன்றைக்கும் அந்தச் சிரிப்பும் சுளிப்பும் கலந்த முகம்தான்.

பேட்டரியோடு மின்மயானத்தில் ஏற்றினால் வெடிக்கும். அதனால் பம்பை எடுத்துவிட்டுத்தான் உடலைத் தருவார்கள். எடுப்பதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்குக் கம்பெனியிலிருந்து நிரஞ்சன் என்று ஒருவன் வந்தான். முப்பதைத் தாண்டியவன். வர வேண்டிய ஆள் லீவாம். இவன் சாப்ட்வேரைச் சோதிக்கும் பிரிவாம், வீடு பக்கத்திலாம். துக்கம் விசாரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதித் தலையை ஆட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

ஏதோ தட்டினான். பெட்டி "நிறுத்தப்படுகிறது" என்றது. சத்தம் நிற்கவில்லை. மறுபடி தட்டினான். மறுபடியும் "நிறுத்தப்படுகிறது". சத்தம் பாட்டுக்கு ஓடியது. அவன் பதறவில்லை. மழைக்கு ஒதுங்கியவனைப் போலச் செல்போனைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு பெட்டியில் செருகியிருந்த இரண்டு ஒயர்களில் முதலாவதை இடப்பக்கமாகத் திருகி, வெடுக்கென்று பிடுங்கினான்.

சத்தம் நின்றது. ரேணுகா மூச்சு விடுவதற்குள் நெஞ்சின் மற்றப் பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம் கிளம்பியது. புதிதாக, உற்சாகமாக. மாற்றுப் பம்ப். இவ்வளவு நேரம் தயாராக இருந்தது, இப்போதுதான் வேலைக்கு வந்தது.

"இது நல்ல பிள்ளைங்க மேடம். சொன்னாக் கேட்டுக்கும்" என்றபடி அவன் மறுபடி தட்டினான். அது கேட்டுக்கொண்டது. அறை அமைதியானது.

"மொதலாவதும் சொன்னாக் கேக்கோணுமில்ல?" என்றாள் ரேணுகா.

"கேக்கோணும். சிலது அப்படித்தானுங்க மேடம். எங்க டெஸ்ட்லயே சிலது நிறுத்துன்னா நிக்காது. நாங்க வெளியில இருந்து புடுங்கி உட்ருவோம்."

சொல்லிவிட்டு ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். எங்கள் ஊர்ப் பக்கம் மழை கொஞ்சம் குறைவுதான் என்று சொல்வது போலத்தான் சொன்னான்.

அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த பிறகும் அந்த வாக்கியம் அவளை விடவில்லை. நாங்க வெளியில இருந்து புடுங்கி உட்ருவோம்.

காரியம் முடிந்த மறுநாள் வித்யாசங்கர் வந்தார். கம்பெனியில் 'நோயாளர் மகிழ்ச்சி' என்ற பிரிவுக்குத் தலைவர். செத்தவர் வீட்டுக்கு மகிழ்ச்சிப் பிரிவை அனுப்பும் புத்தியை எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களோ. கையில் பழக்கூடை, அதற்குக் கண்ணாடித்தாள் சுற்றி ரோஜா நிறத்தில் ரிப்பன். சிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காத உதடுகள். உட்காரும் முன் சோபாவை ஒரு பார்வை பார்த்தார்; அர்த்தநாரி அங்கேதான் சரிந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார் கடைசி வரைக்கும் போராடினாருங்க மேடம். ஆனா ஒண்ணு நீங்க பெருமையாச் சொல்லிக்கலாம். கடைசி நிமிஷம் வரைக்கும் எங்க பம்ப் நிக்கவே இல்லை."

"ஆமாங்க. அதுக்கப்புறமும் நிக்கலை."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அடக்கமாகத் தலை குனிந்தார்.

அவர் போனதும் மாடியிலிருந்து சுகந்தி இறங்கி வந்தாள். கணவன் ஓமானில் இருக்கிறான். அவள் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தாள். அவிநாசி சாலையில் கம்பெனியின் பெரிய விளம்பரப் பலகை ஒன்று உண்டு. அதில் மஞ்சள் புடவையில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டுவாள். 'என் நெஞ்சே, நீ ஓடு!' என்று பக்கத்தில் எழுதியிருக்கும். அந்தப் பெண் சுகந்திதான். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள எடுத்த படம். பிடித்தவர்களைப் பிறகு அழித்துவிட்டார்கள்.

"அண்ணி, வந்தவங்ககிட்ட அப்படியா பேசறது? பாவம், பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருக்காரு."

"பழத்தைத் தின்னு. ஆள் பாவமில்ல."

"அண்ணனுக்கு விதி அவ்வளவுதான். எனக்கு ஓடிட்டுத்தான இருக்குது?"

"அதுதான் கண்ணு எனக்குப் பயமா இருக்குது."

சுகந்திக்குக் கோபம் வந்தது. "அடுத்த வாரம் பம்ப் சாப்ட்வேர் புது வெர்ஷன் வருது. ஊர்லயே மொத ஆளா எனக்குத்தான் ஏத்தறாங்க, மேடையில வெச்சு. நீங்க வந்தா வாங்க. ஆனா மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டு வராதீங்க."

ரேணுகா நிரஞ்சனுக்குப் போன் செய்தாள். மூன்று முறை எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்து, அவன் வீட்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் சந்திக்க ஒப்புக்கொண்டான்.

"மேடம், இதெல்லாம் உங்ககிட்ட நான் பேசக் கூடாது" என்று ஆரம்பித்தான்.

"பொணத்துக்கு முன்னாடி பேசினீங்களே. இப்பத் தேங்கா பன்னுக்கு முன்னாடி பேசுங்க."

அவன் பன்னைப் பார்த்தான். வெளியே இரண்டு பேர் டீயை ஆற்றிக்கொண்டு தேர்தல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எல்லா ப்ரோக்ராமுக்கும் அடியில ஒண்ணு இருக்கும் மேடம். கெர்னல்ம்போம். பம்பை ஓட்டறது, அழுத்தம் பாக்கறது எல்லாம் அது தலை மேலதான் நிக்குது. அதுல ஒரு வரி மாத்தினாலும் திரும்ப எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணோணும். ஆளு நெஞ்சுல வெச்சுப் பண்ண முடியுங்களா? அதனால கம்ப்யூட்டருக்குள்ளயே பொய்யா ஒரு கம்ப்யூட்டர் உண்டாக்குவோம். விர்ச்சுவல் மெஷின். அதுல கெர்னலைக் கெளப்பி, ஆயிரத்தெட்டுச் சோதனை பண்ணி, எல்லாம் பாஸுன்னா பச்சை. அப்புறம் நிறுத்துன்னு சொல்லுவோம். அது எல்லாத்தையும் மூடி வெச்சுட்டு, 'முடிஞ்சுது'ன்னு சொல்லிட்டு அணையோணும்."

"அணையலைன்னா?"

"கொஞ்ச நேரம் பாக்கும். நாங்க இல்லைங்க, நாங்க எழுதி வெச்ச இன்னொரு ப்ரோக்ராம். அப்புறம் வெளியில இருந்து கொன்னுரும்."

"கொன்னுட்டு?"

"அடுத்த டெஸ்ட்."

"அணையாததுக்கு என்ன மார்க்?"

"மார்க்கெல்லாம் அதுக்கு முன்னாடியே போட்டாச்சுங்களே. சோதனை பூராப் பாஸ். அணையாதது மெஷின் கோளாறு, கெர்னல் கோளாறு இல்லைன்னு ஒதுக்கி வெச்சிருவோம். எங்க பேச்சுல அதுக்கு 'சத்தம்'னு பேரு."

ரேணுகாவுக்குப் பிணவறைச் சத்தம் காதில் வந்து போனது.

"ஏன், அதைக் கோளாறுன்னு எழுதினா என்ன?"

"எழுதினா தினமும் ஏதாச்சும் ஒண்ணு சிவப்பா நிக்கும் மேடம். சிவப்பு இருந்தா வெளியிட முடியாது. சரியாகற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது."

"காரணம் தேடினீங்களா?"

"எப்பவாச்சும்தான் வருது. வந்தா, உள்ள போய்ப் பாக்கறதுக்குள்ள அது கொன்னு போடுது. கொன்னா உள்ள இருந்த தடயமும் சேந்து போயிருது." அவன் பன்னைப் பிய்த்தான். "நெஞ்சுல ரெண்டு பம்ப் இருக்குதுங்களா, ரெண்டும் ஒண்ணா ஓடினா இதயம் கிழிஞ்சுரும். அதனால முதல் பம்ப் 'முடிஞ்சுது'ன்னு சொன்னாத்தான் ரெண்டாவது எந்திரிக்கும். சாருக்கு முதல் பம்புல ஏதோ கோளாறு வந்திருக்கு. தானா நின்னு வழி உட்டிருக்கோணும். பாதியில மாட்டிக்கிச்சு. சும்மா சுத்தியிருக்கும், ரத்தத்தைத் தள்ளியிருக்காது."

"உங்க டெஸ்ட்டுல வெளியில ஒரு கை இருந்துச்சு. அவருக்கு?"

நிரஞ்சன் பன்னைத் தட்டில் வைத்தான். "அந்தக் கையை நாங்க கணக்குலயே சேக்கலை மேடம்" என்றான். "அது எப்பவும் இருக்கும்னு இருந்துட்டோம்."

அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கு அதுதான் ஆறவில்லை. கெட்டவர்கள் கையால் செத்திருந்தால் செத்ததற்கு ஒரு மதிப்பாவது இருந்திருக்கும். அர்த்தநாரி, சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தவர்களின் கையால் செத்தார். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று நிற்காமல் கிடந்து கத்தியிருக்கிறது. அதற்குச் சத்தம் என்று பெயர் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள்.

"சுகந்திக்கு அடுத்த வாரம் புதுசு ஏத்தறாங்களாம்."

"தெரியுங்க மேடம்." அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "ஏத்தறதுக்கு முதல் பம்பை ஒருக்கா நிறுத்தியே ஆகோணும்."

"நிக்கலைன்னா?"

அவன் தட்டை ஓரமாகத் தள்ளினான். "பெட்டிக்குள்ள ஒரு சின்ன ரிலே வெச்சாப் போதும்" என்றான். "முதல் பம்ப் சொன்ன நேரத்துல நிக்கலைன்னா அது கரண்டைக் கட் பண்ணி உட்ரும். ரெண்டாவது எந்திரிச்சுக்கும். நான் ஒருக்கா எழுதிக் குடுத்தேன். பதில் வரலை."

அதைக் கேட்க ரேணுகா வித்யாசங்கரின் அறைக்கே போனாள். சுவர் முழுக்கச் சிரிக்கும் நோயாளிகள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல யோசனை என்றார். குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார்.

"ஆனா பாருங்க மேடம், இப்ப அதை வெச்சா, இத்தனை நாள் அது இல்லாம வித்தோம்னு ஆயிருமில்லீங்களா?"

"வித்தீங்கதான?"

"ஆயிரும்னு சொன்னேன்." அவர் புன்னகை கொஞ்சமும் கலையவில்லை. "விழாவுக்கு நீங்களும் வரோணும். முன்வரிசையில உங்களுக்குச் சீட்டு."

விழா ஒரு ஹோட்டல் அரங்கத்தில் நடந்தது. ரேணுகா அதற்குள் சுகந்தியிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள், கெஞ்சிப் பார்த்துவிட்டாள், ஒருமுறை கத்தியும் விட்டாள். "அண்ணன் போன துக்கத்துல உங்களுக்கு எல்லாமே எமனாத் தெரியுது" என்று சுகந்தி முடித்துவிட்டாள். அதனால் ரேணுகா அழைக்கப்பட்டபடியே முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். பக்கத்துச் சீட்டு அம்மாள் அதை ஒரு மாதிரி பார்த்தார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். யார் யாருக்கோ யார் யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். கம்பெனித் தலைவர் மும்பையிலிருந்து திரையில் தோன்றி, இதயம் என்பது ஒரு உணர்வு என்றார். மேடை ஓரத்தில் ஒரு டாக்டரும் இருந்தார். அவர் கையில் கொடுத்து வைத்திருந்தது பூங்கொத்து. சுகந்தி அதே மஞ்சள் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புப் பெட்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள்.

வித்யாசங்கர் ஒரு பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"நிறுத்தப்படுகிறது" என்றது பெட்டி. மைக் வழியாக அரங்கம் முழுவதும் கேட்டது. கைதட்டல்.

"மாற்றுப் பம்ப் தயாராக உள்ளது."

"பாருங்க!" என்று வித்யாசங்கர் கையை விரித்தார். "எப்பவுமே தயார்! இதுதான் எங்க வாக்குறுதி!" மறுபடி கைதட்டல்.

"மாற்றுப் பம்ப் தயாராக உள்ளது." மூன்றாவது முறை சொன்னபோது ஒரு பகுதியினர் எழுந்து நின்றே தட்டினார்கள். சுகந்தியின் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருந்தது. முகம்தான் வெளுத்துக்கொண்டு வந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முன்னால் இருந்த யாரோ அதைப் படம் பிடித்தார்கள்.

ரேணுகா மேடையில் ஏறியது அவளுக்கே நினைவில்லை. பூச்சரத்தைப் பிய்த்து எறிந்தாள். பெட்டியின் மேல் சிவப்பு எழுத்தில் ஒயரைப் பிடுங்கினால் உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்தது.

"மேடம், தொடாதீங்க! ஒயரைத் தொட்டீங்கன்னா வாரண்டி போயிரும்!" வித்யாசங்கர் நிஜமாகவே இதைத்தான் கத்தினார். அதுவும் மைக்கில் கேட்டது.

முதல் ஒயர். இடப்பக்கமாகத் திருகி, வெடுக்கென்று.

ஒரு சத்தம் நின்று இன்னொரு சத்தம் எழுந்தது. புதிதாக, உற்சாகமாக. ரேணுகா சுகந்தியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் ஆனது போலிருந்தது. பிறகு சுகந்தி கண் திறந்து, "அண்ணி, என் பூவை ஏன் பிச்சுப் போட்டீங்க" என்றாள்.

டாக்டர் அப்போதுதான் பூங்கொத்தைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு ஏதாவது நடக்கும் என்று நினைக்கும் அளவுக்கு ரேணுகா இன்னும் வெகுளியாகத்தான் இருந்தாள். ரிலே வைப்பார்கள் என்று நம்பினாள். நடந்ததும் வேகமாகத்தான் நடந்தது. ஒரே மாதத்தில் கம்பெனி ஒரு திட்டத்தை அறிவித்தது. அதற்கு 'அன்புக் கரம்' என்று பெயர். பம்ப் வைத்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் ஒயரைப் பிடுங்கப் பயிற்சி எடுக்க வேண்டும். நோயாளியை விட்டு எப்போதும் கூப்பிடு தூரத்துக்குள் இருக்க வேண்டும். உறங்கும்போதும். அவர்களுக்கு ரோஜா நிறத்தில் ஒரு கைப்பட்டை இலவசம். 'எந்த இயந்திரத்தாலும் ஈடு செய்ய முடியாதது குடும்பத்தின் அன்பு' என்று விளம்பரம் வந்தது. அவிநாசி சாலைப் பலகையை மாற்றினார்கள். இப்போது சைக்கிளை ஒரு கை பிடித்திருந்தது.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வரிசையாக நாற்காலிகள், வரிசையாகப் பெண்கள். மனைவி, மகள், மருமகள். மண்டபத்தில் ஆண் கை என்று இருந்தது காபி கொடுக்க வந்தவருடையது மட்டும். பல்லடத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"ஏனுங்க, நாங்க குளிக்கப் போறப்ப என்னங்க பண்றது?"

"கதவைத் தாழ் போடாதீங்க மேடம்" என்றான் பயிற்சி கொடுத்தவன்.

"நான் மில்லு வேலைக்குப் போறனுங்களே?"

"அது உங்க குடும்பத்துல பேசி முடிவு பண்ணிக்கோங்க."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கைப்பட்டையைக் கையில் மாட்டாமல் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். வேலையை விட்டுவிடுவாள் என்பது ரேணுகாவுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

சோதனை பழையபடியே நடக்கிறது என்றான் நிரஞ்சன். நிற்காதவற்றைக் கொஞ்சம் சீக்கிரமாகவே கொன்றுவிடுகிறார்களாம், நேரம் மிச்சம்.

ரேணுகா மாடியில் சுகந்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தாள். புத்தகத்தைப் பிரித்தால் ஒரு பக்கம் ஓடாது. காது பெட்டியின் மேலேயே இருந்தது. நூலகத்துக்குப் போய் வெகு நாளாயிற்று. அர்த்தநாரியின் கடையை வாடகைக்கு விட்டிருந்தாள்; வாடகைக்காரரைப் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. ஒருநாள் சுகந்தி, "உங்களை நான் கட்டிப் போட்டுட்டேன் அண்ணி" என்றாள். "நீ ஒண்ணும் கட்டலை. கட்டினவங்க வேற" என்றாள் ரேணுகா. சுகந்தி பேச்சை மாற்றினாள். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. நெஞ்சுக்குள் இருப்பதைத் திட்டிக்கொண்டு எப்படி உயிர் வாழ்வது?

அந்தச் சமயத்தில்தான் வித்யாசங்கர் மறுபடி வந்தார். கூடையின் ரிப்பன் இந்த முறை நீலம்.

"ஒயரை எப்படிப் புடுங்கறதுன்னு பெட்டியே சொல்லித் தரோணும் மேடம். மாசத்துக்கு ஒருக்கா, எல்லார் வீட்டுலயும் ஒத்திகை, நெசமாப் புடுங்காம. அதுக்கு ஒரு குரல் வேணும். ஊரே கேட்ட குரல் உங்களுது. மொதல் அன்புக் கரமும் நீங்கதான். வேற யாருங்க பொருத்தம்?"

இதைவிடக் கூச்சமில்லாத மனிதரை ரேணுகா பார்த்ததில்லை. வாசலைக் காட்டலாம் என்று வாயைத் திறந்தாள். பல்லடத்துப் பெண்ணின் மடியில் இருந்த பட்டை ஞாபகம் வந்தது. அந்த ளகரம் வராத குரலை நம்பித்தான் அவள் ஒயரைத் திருக வேண்டியிருக்கும்.

"சரிங்க" என்றாள். சுகந்தியே ஆச்சரியப்பட்டாள்.

ஒலிப்பதிவுக்கு உதவ நிரஞ்சனை அனுப்பியிருந்தார்கள். முன்பைவிட இளைத்திருந்தான். அவள் கையில் தாளைக் கொடுத்தான். ரேணுகா ஒருமுறை மனசுக்குள் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதை யாரு கேட்டுச் சரின்னு சொல்லுவாங்க?" என்றாள்.

"ஆளில்லைங்க மேடம், மெஷினே கேட்டுக்கும். எழுதிக் குடுத்த வாக்கியம் எல்லாம் வரிசையா இருக்குதான்னு பாக்கும். கடைசி வாக்கியம் வந்துட்டாப் பச்சை."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்னங்க இருக்குது? முடிஞ்சுதுல்ல."

"பெட்டியில?"

"பெட்டி குடுத்ததை அப்படியே முழுசா ஓட்டும்."

"ஆளு வெச்சு ஒருக்காக் கேக்க மாட்டீங்களா?"

"பச்சை வந்ததை யாருங்க மேடம் கேப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே கேட்டது போலிருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து, கதவு வரை போய், நின்றான்.

"நான் டீ சொல்லிட்டு வந்தர்றேன் மேடம். மைக் ஓடிட்டேதான் இருக்கும். நீங்களா நிறுத்தற வரைக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. ரேணுகா தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

ஒத்திகை நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. சுகந்தி அண்ணனின் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவர் போன பிறகு அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்; யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஊரில் பம்ப் வைத்த எல்லார் வீட்டிலும் இதே நேரத்தில் பெட்டிகள் பேசத் தொடங்கின.

"இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றது ரேணுகாவின் குரல். "வலது கையால் முதல் ஒயரை இடப்பக்கமாகத் திருகுங்கள். தயங்க வேண்டாம்."

"இதுக்கு ளகரமெல்லாம் நல்லா வருது அண்ணி" என்று சிரித்தாள் சுகந்தி.

"மாற்றுப் பம்ப் உடனே இயங்கும். பயிற்சி நிறைவடைந்தது. நன்றி."

பெட்டி மௌனமானது. சுகந்தி அதை மூடப் போனாள். ரேணுகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. இன்னும் முடியலை."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே குரல், வானொலிக் காலத்து நிதானத்தோடு, திரும்ப வந்தது.

"செய்திகள். வாசிப்பது ரேணுகாதேவி. உங்கள் நெஞ்சில் உள்ள பம்ப், நிறுத்தச் சொன்னால் சில நேரம் நிற்காது. அதைச் செய்தவர்களுக்கு இது ஆரம்பம் முதலே தெரியும். சோதனையில் நிற்காதவற்றை வெளியிலிருந்து பிடுங்கிவிட்டு, தேர்ச்சி என்று எழுதினார்கள். கோவையில் பம்ப்செட் கடை வைத்திருந்த அர்த்தநாரி இதனால் இறந்தார். பெட்டிக்குள் ஒரு சிறிய ரிலே இருந்தால் போதும். வைத்தால் தங்கள் தவறு வெளியே தெரியும் என்று, அதற்குப் பதிலாக உங்கள் கையை வைத்திருக்கிறார்கள். ரிலேயைக் கேளுங்கள். வாங்கும் வரை கேளுங்கள். செய்திகள் முடிவடைந்தன."

பெட்டியின் சின்ன விளக்கு பச்சையாகவே இருந்தது. சுகந்தி வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் போன் அடிக்கத் தொடங்கி, அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணனோட கடைப் பேரையும் சொல்லியிருக்கலாம், அண்ணி" என்றாள் சுகந்தி.